மீக்கா என்றால் தண்ணீர்

ஜூன் 5, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷாலினி மேடம் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். குழந்தை என்ன சத்தம் போடுகிறாள், எப்போது, எதைக் கேட்டு என்று. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எதையும் இப்படி உட்கார்ந்து எழுதியதில்லை. எழுத ஆரம்பித்தால் கேட்டதோடு கேட்காததும் சேர்ந்து வருகிறது. வரட்டும். மேடத்துக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து எழுதிக் கொடுத்துவிடலாம்.

தேன்மொழிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. தலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயும் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் பேச்சு வரவில்லை. யாராவது பெயர் கேட்டு, நான் தேன்மொழி என்று சொன்னதும், அவர்கள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகும். பெயர் வைத்தது இவர், அவள் அப்பா. சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவர் வேறு என்ன பெயர் வைப்பார்.

அடியோடு பேச்சு இல்லை என்றும் சொல்ல முடியாது. அவளாகவே செய்துகொண்ட சொற்கள் சில இருக்கின்றன. தண்ணீர் வேண்டும் என்றால் மீக்கா. கதவு, டப்பா, ஆரஞ்சுப்பழத் தோல் என்று மூடியிருக்கும் எதையும் திறந்து தரச் சொல்ல டப்பிலோ. தூக்கிக்கொள்ளச் சொல்ல ஊயாலே. பயந்துபோனால் கிச்சும். அம்மா கிடையாது, அப்பா கிடையாது. அவளுக்கும் எனக்கும் மட்டும் புரிகிற சொற்கள் இவை. அவள் மீக்கா என்றால் நான் ‘தண்ணி’ என்று சொல்லிக்கொண்டே கொடுக்க வேண்டுமாம். சொல்லிப் பார்த்தேன். ‘உனக்கு என்ன ஆச்சு’ என்பதுபோல என்னைப் பார்க்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

பெரிய பள்ளிக்கூடங்கள் இரண்டிலும் பேச்சு வந்த பிறகு கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்று சாலிகிராமத்தில் ஒரு சந்துக்குள், வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரெஜினா டீச்சர்தான் நடத்துகிறார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பென்சில் சீவிக்கொண்டே கேட்டார். பேசுகிற பிள்ளைகள்தான் தனக்குத் தலைவலி என்றார். காலாண்டு வரைக்கும் மதியம் வரை விடுங்கள், மற்ற பிள்ளைகளோடு ஒட்டுகிறாளா பார்ப்போம், ஒட்டாவிட்டால் அவளைப் போட்டு வதைக்கக் கூடாது, வேறு இடம் யோசிக்கலாம் என்றார். சரி என்றேன். யோசிப்பதற்கு வேறு இடம் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன். அழவில்லை. தேன்மொழியைச் சொல்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

இவருக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது. பெரிய கதாநாயகன் படம், ஆட்டப் பாட்டு. பூபாலன் என்ற பெயரைத் தேடிப் பிடித்து ஒருவர் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. மெட்டை அனுப்பிவிட்டார்கள். எழுதி அனுப்புவதை எல்லாம் திருப்பி அனுப்புகிறார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் வாயில் ஒட்டவில்லை என்கிறார்களாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். மாவு அரைக்கும்போது கிரைண்டர் சத்தம் தொந்தரவாக இருக்கிறதாம். அப்படியானால் இட்லியை யார் அவிப்பது என்று கேட்டேன். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அது எனக்கு உதவிதான்.

இன்றைய சத்தங்கள்: மீக்கா மூன்று நான்கு தடவை. டப்பிலோ, பவுடர் டப்பாவைக் காட்டி. புதிதாக ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

பாட்டு ஓகே ஆகிவிட்டது. பிரியாணி வாங்கி வந்தார். முன்பெல்லாம் எழுதியதை எனக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவார். இன்று கேட்டதற்கு, ஆட்டப் பாட்டுதானே, அதை என்ன படித்துக் காட்டுவது என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குக் கறியைப் பிய்த்துக் கொடுக்கப் போய்விட்டார்.

ஜூலை 18, வெள்ளி

நான் வேலை பார்ப்பது கேஸ் ஏஜென்சியில். சிலிண்டர் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. காலையில் பக்கத்து நாற்காலி மும்தாஜ் அக்கா, உன் வீட்டுக்காரர் பாட்டு வந்துவிட்டது என்று போனைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு விளக்குப் போட்ட ஒரு சாராயக்கடை. கதாநாயகன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாடுகிறான்.

மீக்கா மீக்கா டப்பிலோ
ஊயாலே ஊயாலே கிச்சுமோ

பின்னால் நூறு பேர் ஆடுகிறார்கள். நான் பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளரின் அழைப்பைத் துண்டித்துவிட்டேன் போலிருக்கிறது. அவர் திரும்பக் கூப்பிட்டுத் திட்டினார். மும்தாஜ் அக்கா என் தோளைத் தட்டி, நல்லா இருக்குல்ல என்றார். ஆமாம் என்றேன்.

சாயந்தரம் இவர் வந்ததும் கேட்டேன். குழந்தை பால்கனியில் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“புள்ள பேச்ச எடுத்து சாராயக்கடைல பாட வெச்சிருக்கீங்க.”

கடை செட் போட்டது டைரக்டர், அது தனக்குத் தெரியாது என்றார். எழுதிக் கொடுக்கும்போதே தெரிந்த விஷயம்தானே, யார் வாயில் போய் விழும் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது.

“மத்தது போகட்டும். கிச்சும் உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்ல அவ அத சொல்றதே இல்லயே.”

“ஸ்கேன் ரூம்ல அவ கூட இருந்தது நான்தான சுகந்தி. மயக்கம் வர்ற வரைக்கும் என் சட்டையப் புடிச்சுக்கிட்டு அதையேதான் சொல்லிட்டு இருந்தா.”

அன்றைக்கு நான் வெளியே இருந்தேன். பணம் கட்டும் இடத்தில் வரிசை நீளமாக இருந்தது. யாராவது ஒருவர் அங்கே நின்றுதானே ஆக வேண்டும். கதவு சாத்தியிருந்தாலும் சத்தம் கேட்டது. அப்படித்தான் எனக்கு அந்தச் சொல் தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிறேன், எடுக்கிறேன்.

பாட்டு எங்கும் இருக்கிறது. கீரைக்காரர் பாடுகிறார். எதிர் வீட்டுக் கல்லூரிப் பெண் மாடியில் நின்று ஆடிப் படம் எடுக்கிறாள். எங்கள் டெலிவரி பையன்கள் சிலிண்டரை உருட்டும்போது ஊயாலே என்று சொல்லித் தூக்குகிறார்கள். தூக்கும்போதுதான் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நாதஸ்வரம் வருகிற இடத்தில் தாளத்தை நிறுத்தியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சாயந்தரம் கீழே ஆட்டோ ஒன்றில் பாட்டு ஓடியது. தேன்மொழி விளையாட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். ஆட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கம்பிக்கு வெளியே நீட்டினாள். ஆட்டோ போய்விட்டது. வெகுநேரம் நீட்டியபடியே நின்றாள்.

இதை ஷாலினி மேடத்துக்கான தாளில் எழுதவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

பேட்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் அர்த்தம் கேட்கிறார்கள். அர்த்தம் எதுவும் இல்லை, மெட்டுக்கு வந்து விழுந்த சத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று சாயந்தரம் டிவியில் பார்த்தேன். சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகினார். பொய் சொன்னால் அப்படித்தான்.

ஜனங்கள் விடவில்லை. மலைவாசிகளின் பாஷை என்று ஒருவர் விளக்கம் போட்டிருக்கிறார். வெளிநாட்டுப் போதைப்பொருளின் பெயர் என்று இன்னொருவர். இப்போது மூன்றாவதாக ஒருவர், டப்பிலோ ஆபாசமான வார்த்தை, எந்த ஊரில் எதைக் குறிப்பிடச் சொல்வார்கள் என்று தனக்குத் தெரியும் என்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு சங்கம் போலீஸில் புகார் கொடுத்துவிட்டது.

நான் சமையலறையில் நின்றேன். குழந்தை பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டி, டப்பிலோ என்றாள். திறந்து கொடுத்தேன். இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம் என்று யாரிடம் போய்ச் சொல்வது.

ஆகஸ்ட் 2, சனி

படக் கம்பெனியிலிருந்து சிவசைலம் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். விளம்பர வேலைகளைப் பார்க்கிறவராம். புகார் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்து இவர் இசையமைப்பாளரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அது அங்கிருந்து நடந்து சிவசைலத்தின் காதுக்கு வந்துவிட்டது.

சிவசைலம் நல்ல மாதிரிதான் பேசினார். காபியைப் பாராட்டினார். அடுத்த வாரம் ஒரு விழா வைக்கிறோம், அதில் சார் உண்மையைச் சொல்லட்டும், புகாரும் அமுங்கிவிடும், பாட்டும் இன்னும் மேலே போகும் என்றார். தேன்மொழி நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவ மேடைல ஏத்தி அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்ல வெச்சா போதும் சார். ஊரே அழுதுடும்.”

நான் இவரைப் பார்க்கவில்லை. எத்தனை வருடமாக ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்து கிடைத்த இடம் இது என்று எனக்குத் தெரியும். சரி என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும், பச்சைப் பையில் துணி அடங்குமா என்றுகூட ஓடியது.

“அவ யாருக்காகவும் பேச வேணாம் சார். அவளுக்கு வேணும்னா பேசுவா.”

இவர் சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. சிவசைலம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்படியானால் படத்தில் அந்த வரிகளை வேறு யாரையாவது வைத்து மாற்றும்படி ஆகலாம், அடுத்த படத்துக்கும் உங்களைத்தான் யோசித்து வைத்திருந்தோம் என்றார். மாற்றிக்கொள்ளுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். குழந்தையைப் பற்றி வெளியே பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சிவசைலம் போன பிறகு இவரிடம் தோசை இரண்டா மூன்றா என்று கேட்டேன். மூன்று என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ரெஜினா டீச்சர் போன் செய்தார். நாளைக்குக் கூட்டிப்போக வரும்போது சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிடுங்கள், உங்களிடம் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். என்ன என்று கேட்டேன். நேரில் வாங்க என்றார்.

காலாண்டு வரைக்கும் என்றுதானே சொன்னார். காலாண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடாமல் இருக்க மாட்டார்கள். அவள் சொற்களைச் சொல்லிச் சொல்லி அவளையே சுற்றி நின்று கத்தியிருப்பார்கள். இவள் கடித்திருப்பாள். பயந்தால் கடிப்பாள்.

இவரிடம் சொன்னேன். நானும் வரேன் என்றார். வேண்டாம், இருவரும் போய் நின்றால் பெரிய விஷயம் போல ஆகிவிடும் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மும்தாஜ் அக்காவிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன். வடபழனி சிக்னலில் பஸ் நின்றுகொண்டே இருந்தது. இறங்கி நடந்தேன்.

டீச்சர் வாசலிலேயே நின்று, உதட்டில் விரல் வைத்து, ஜன்னலைக் காட்டினார். நான் வெளியே நின்று பார்த்தேன். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸை மடியில் வைத்திருந்தார்கள். இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி தன் டப்பாவை நடுவில் நீட்டி, டப்பிலோ என்றாள். தேன்மொழி எழுந்து வந்தாள். டப்பாவை முழங்காலுக்கு இடையில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள். கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். இன்னொருவன் மீக்கா என்றான். அவள் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து உருட்டிவிட்டாள். பிறகு அவளே தன் டப்பாவைத் தூக்கி டப்பிலோ என்றாள், இரட்டைச் சடைக்காரி திறந்து கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கையாகவும் பார்க்கவில்லை. பசியோடு இருக்கிற பிள்ளைகள், சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பாட்டைத்தான் பாடினார்களாம். ஒவ்வொரு தடவை மீக்கா என்று கத்தும்போதும் இவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாக ஓடியிருக்கிறாள். இரண்டு மூன்று நாளில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்றார் டீச்சர்.

நான் உள்ளே போனேன். தேன்மொழி என்னைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். இரட்டைச் சடையின் பெயர் ஜோவிதா. நான் அந்த வார்த்தைகள் என்ன என்று அவளிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

“மீக்கான்னா தண்ணி ஆன்ட்டி. டப்பிலோன்னா தொறக்கறது. அந்த பாட்டு தேனு பாஷைல இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

“கிச்சும்னா?”

“பயமா இருக்கு, கை குடுன்னு அர்த்தம். இடி இடிச்சா சொல்லணும்.”

போன வாரம் மழையில் இடி இடித்தபோது பிள்ளைகள் சிலர் அழுதிருக்கிறார்கள். தேன்மொழி கிச்சும் என்று சொல்லி ஜோவிதாவின் கையைப் பிடித்திருக்கிறாள். பிறகு வகுப்பு முழுக்க கிச்சும் கிச்சும் என்று சொல்லிக்கொண்டு கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததாம். பயம் என்கிற பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது. கை கொடு என்கிற பாதி தெரியாது. ஸ்கேன் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றவளுக்கு எப்படித் தெரியும்.

வராண்டாவுக்கு வந்து நின்றேன். டீச்சர் பின்னாலேயே வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டை யார் எழுதினார் என்பதை, சிவசைலத்தை, புகாரை. அவர் அதிசயப்படவில்லை. டிவியில் பெரிய பெரிய ஆட்கள் அர்த்தம் தேடிச் சண்டை போடுகிறார்கள், என் வகுப்பில் வந்து கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்றார். பிறகு, நான் பயந்துகொண்டிருந்ததை அவராகவே எடுத்தார்.

“காலாண்டு வரைக்கும் பாக்க வேண்டியது இல்லம்மா. திங்கக்கிழமைலேருந்து மூணு மணி வரைக்கும் இருக்கட்டும். அவ இல்லாம இதுங்களுக்கு டப்பா தொறக்க ஆள் இல்ல.”

  தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்தது. இன்று காலையில் காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஜோவிதா சொன்னதை அப்படியே சொல்லச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். தேனு பாஷை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

இதற்காகத்தான் எழுதினீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

“அப்படிச் சொன்னா பொய் சுகந்தி. பாட்டு ஓகே ஆகணும்னுதான் எழுதுனேன். எது எழுதுனாலும் வாயில ஒட்டலங்கறாங்க. சோறு ஊட்டறப்ப இவ மீக்கான்னா. எனக்கு வேற எதுவுமே அன்னைக்குக் காதுல விழல.”

எனக்குப் படித்துக் காட்டாதது ஏன் என்று கேட்டேன். நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய் என்றார். சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அந்த வகுப்பில் யாருக்கும் மீக்கா தெரிந்திருக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

சாம்பார் கொதிக்கும்போது பாட்டை முணுமுணுத்தேனாம். அவர்தான் சொன்னார். சரணம் உட்பட.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்னொரு படத்திலிருந்து வேறு பாட்டு வந்துவிட்டது. எதிர் வீட்டுப் பெண் அதற்கு ஆடுகிறாள். புகார் கொடுத்த சங்கம் இப்போது அந்தப் பாட்டில் வரும் ஏதோ ஒரு வரிக்குப் புகார் கொடுத்திருக்கிறதாம். படத்தில் வரிகளை மாற்றும் பேச்சே இல்லை, அப்படியே வருகிறது என்று சிவசைலம் போனில் சொன்னார். அடுத்த படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. வேறொரு சின்னப் படத்துக்கு ஒரு தாலாட்டு கேட்டிருக்கிறார்கள். முதல் நான்கு வரியை என்னிடம் படித்துக் காட்டினார். சுமார் என்றேன். திருத்துகிறார்.

வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறோம். ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று இவரும் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஜோவிதா அந்தச் சந்துக்கே மேஸ்திரி மாதிரி முன்னால் நடக்கிறாள். அம்மாவை, தம்பியை, ஐஸ்காரரை, எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுகிறாள். தேன்மொழி அவளோடு சேர்ந்து எங்களைத் தாண்டிப் போனாள். இவர் வாட்சைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டு பின்தங்கி நின்றுவிட்டார்.

தேன்மொழி திரும்பினாள். இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள்.

“வாடா.”

தெளிவாகச் சொன்னாள். வா தனியாக, டா தனியாக இல்லை. ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரியே, ஜோவிதா எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரியே சொன்னாள். ஜோவிதாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். இவர் நடுச் சந்தில் அப்படியே நின்றார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தார். அப்போதும் நகரவில்லை.

அம்மா என்றுதான் முதலில் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கட்டும்.

“கூப்புடறால்ல, போங்க” என்றேன்.

அவர் ஓடினார். மரியாதை எல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளட்டும்.